எட்டாவது சிக்கல்

பாடநூல் உன்னைச் சிக்கல் என்றுதான் சொல்கிறது.
சிக்கற்சேர்வை.
நடுவில் ஒரு செப்பு அயன்,
அதைப் பிடித்துக்கொள்ள இரண்டு இணையிகள்,
ஒவ்வொன்றுக்கும் இரண்டு நைதரசன் பற்கள்.
நண்டு கவ்வுவதுபோல் என்று எழுதி
பிறகு வெட்டிவிட்டேன்.
நண்டு கவ்வி யாரும் ஒளிர்ந்ததில்லை.

இரிடியம் வாங்கக் காசில்லை.
ஒரு கிராமின் விலையை ரூபாயாக்கிப் பார்த்துவிட்டு
ஹஸ்மியா கணிப்பானை
மெதுவாகக் கவிழ்த்து வைத்தாள்.
செம்பு போதும் என்றேன்.
செம்புக்கு ஒரு கெட்ட குணம் இருப்பதை
அன்று சொல்லவில்லை.

வரைந்தது இப்படி:
இணையியின் ஒரு முனையில் வழங்கி,
மறுமுனையில் வாங்கி.
கழியூதாக் கதிர் பட்டதும்
ஓர் இலத்திரன் அக்கரைக்குப் போகும்,
திரும்பும்போது வெறுங்கையோடு வராமல்
கொஞ்சம் வெளிச்சம் கொண்டுவரும்.
மூதூர் லோஞ்சு மாதிரி என்றாள் ஹஸ்மியா.
அவளுடைய ஊர் அது.

முதலாவதில் வாங்கி சோம்பேறி.
மூன்றாவதில் அதன் தலையில்
ஒரு சயனைட்டுத் தொகுதியைக் கட்டினோம்;
வழங்கியோ அமைன், கேட்குமுன் கொடுக்கும் கை.
நிறம் சிவந்தது.
சிவக்கச் சிவக்க ஒளி மங்கியது.
எளிதாய்க் கொடுத்து எளிதாய் வாங்கினால்
இடையில் உள்ளதெல்லாம் சூடாகிப் போய்விடும்.
இதைக் குடும்பத்துக்கு உவமையாக்காதே
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
தங்கச்சியின் முகம் வந்துவிட்டது, என்ன செய்ய.

ஆறாவது காற்றுப்பட்டுப் பச்சையாகிச் செத்தது.
நைதரசன் உருளை அப்போது
தம்புள்ளையில் லொறியோடு நின்றிருந்தது.

எட்டாவதை வடித்த மாலை மின்சாரம் போனது.
கோணேசபுரி முழுக்க இருட்டு,
கடல் மட்டும் வேலைசெய்தது.
கள்ளநோட்டுப் பார்க்கும் விளக்கொன்று என் பையில்,
நகைக்கடைக் கணக்கர் ஞானவரோதயன் இரவல் தந்தது,
பற்றரியில் எரியும்.
ஐநூறு ரூபாய்த் தாள் ஒளிர்ந்தது,
எங்களைக் கேலி செய்ய.
குப்பியில் ஒன்றுமில்லை.

"குளிரில பாப்பமா மிஸ்?"

திரவ நைதரசன் கொழும்பில்.
எங்களுக்குச் சாம்பல்தீவு மீன்வாடி.
ஐஸ் பெட்டியைத் திறந்தபடி மரியநேசன் கேட்டார்:
"என்ன மீனுக்கு?"
"இன்னும் பிடிபடேல்ல அண்ணை."
சிரிக்காமல் ஐந்து கிலோ உடைத்துத் தந்தார்,
மேலே ஒரு கை கல்லுப்பு.

பாரைமீன் மணக்கும் ஐஸில் குப்பியைப் புதைத்தோம்.
கரைசல் தேன்போல இறுகியது.
விளக்கைக் காட்டினேன்.

செம்மஞ்சள்.
மெலிந்தது, ஆனால் பொய்யில்லை.

வெளியே எடுத்தால் உள்ளங்கைச் சூட்டிலேயே அணைகிறது,
புதைத்தால் எரிகிறது.
ஏழு தடவை செய்தோம்.
ஹஸ்மியா எட்டு என்கிறாள்.

கெட்ட குணம் இதுதான்:
ஒளி பட்டவுடன் செம்பு
சப்பளிந்து உட்காரப் பார்க்கும்.
நான்முகியாய் நின்றது தட்டையாகும்,
அந்த அசைவிலேயே வெளிச்சம் செலவாகிவிடும்.
குளிர் அதை உட்காரவிடவில்லை, அவ்வளவுதான்.
இத்தனை மாதம் நாங்கள்
கொடுப்பவனையும் வாங்குபவனையும் பற்றியே பேசினோம்.
நடுவில் நிற்பவனுக்குக் கால் உளைவதை
ஒருத்தரும் கேட்கவில்லை.

ஐஸ் பெட்டியின் மூடியில், ஈரத்தில்,
விரலால் ஒன்பதாவதை வரைந்தேன்.
வழங்கியும் வாங்கியும் பழையபடி.
நைதரசன்களுக்குப் பக்கத்தில் மட்டும்
பருத்த தோள்கள்,
காலை ஏழு மணி நிலாவெளி பஸ்ஸில்
விழ இடமில்லாமல் நிற்கிறோமே, அதற்காக.
பாதி வரையும்போதே முதல் பாதி காய்ந்துவிட்டது.
ஹஸ்மியா கைபேசியில் படம் எடுத்திருந்தாள்.
அதில் மூடியும் ஒரு செதிளும்தான் தெரிகின்றன.

ஒன்பதரைக்கு மின்சாரம் வந்தது.
ஐஸ் தண்ணீராகியிருந்தது,
எட்டாவது சும்மா ஒரு மஞ்சள் தண்ணீர்.
குறிப்பேட்டில் எழுதினேன்: ஒளிர்கிறது.
பிறகு நேர்மைக்காக
முன்னால் ஒரு சொல் சேர்த்தேன்:
பிடித்தால்.